நுனி முறியாமல்

பிக்கப் வண்டியின் பின்னிருக்கை முழுவதும் தூண்டில்களுக்குப் போய்விட்டது. கனகராஜ் ஒவ்வொரு நுனியிலும் துவாலையைச் சுற்றி, ரீல்கள் ஒன்றோடொன்று இடிக்காமல் இடையில் துணி திணித்து, சீட் பெல்ட்டை இழுத்து மாட்டினான். ஈப்போ டைல்ஸ் கடையில் வாரமெல்லாம் கல் தூக்குகிறவன் அவன். ஞாயிற்றுக்கிழமை முதலாளியின் தூண்டில்களைத் தூக்குவான். முன்பு இந்த வேலையைப் பார்த்த சீனி, கதவைச் சாத்தும்போது ஒரு நுனியை நசுக்கிவிட்டான். மறுநாள் கடையில் அவனுக்கு வேலை இல்லை.

"மெதுவாடா, பெலான் பெலான்! ஜப்பான் சாமான். ஒடஞ்சா ஒட்டாது."

முதலாளி ஜெயபாலன் தூண்டில் சங்கத்தின் தலைவர். சங்கத்தில் அவரை டத்தோ என்பார்கள். பட்டம் கொடுத்தது யாரென்று கேட்கிற வழக்கம் அங்கே இல்லை. போன கூட்டத்தில் 'படகில் பாதுகாப்பு' என்று நெடுநேரம் பேசிக் கேடயம் வாங்கினார். கேடயத்துக்குச் சொல்லி வைத்ததும் அவர்தான்.

தெலுக் இந்தான் படகுத்துறையில், படகோட்டி மத்தியாஸ் தன் லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, மீதியிருந்த இரண்டையும் எடுத்துக் கொடுத்தார். ஜெயபாலன் ஒன்றை மாட்டிக்கொண்டார். தூண்டில்களை ஒரே கட்டாகச் சேர்த்து, மற்றதை அதைச் சுற்றி இறுக்கிப் பூட்டினார்.

"டத்தோ, அது ஆளு போடுறது" என்றார் மத்தியாஸ்.

"படகு ஆடுனா நுனி பலகையில இடிக்கும்லா. ஆளுன்னா கெட்டியா உக்காந்துக்குவான். தூண்டிலுக்கு உக்காரத் தெரியுமா?"

"எனக்கு நீச்சல் தெரியாது மொதலாளி" என்றான் கனகராஜ்.

"ஒன்ன யாரு நீஞ்சச் சொன்னா? கட்டப் புடிச்சிக்க, போதும்."

கனகராஜுக்குச் சீனியின் ஞாபகம் வந்தது. தூண்டில் கட்டை மடியில் வாங்கிக்கொண்டான். மத்தியாஸ் மோட்டாரைக் கிளப்பினார். அவருக்கும் பிழைப்பு வேண்டும்.

ஆற்றின் திருப்பத்தில் மணல் ஏற்றிய பெரிய படகு ஒன்று கடந்தது. அதன் அலையில் இவர்கள் படகு சாய்ந்தது. கனகராஜின் இரண்டு கைகளும் கட்டைப் பிடித்திருந்தன. கட்டோடு தண்ணீரில் விழுந்தான். சேற்றுத் தண்ணீர் மூக்கில் ஏறியது. ஜாக்கெட் கட்டை மேலே தூக்கியது. கட்டு அவனைத் தூக்கியது.

"உட்றாதடா! உட்றாத!" பெற்ற பிள்ளை விழுந்ததுபோல் அலறினார் ஜெயபாலன்.

படகு பக்கத்தில் வந்ததும் கட்டைப் பற்றி இழுத்தார். "கைய எட்றா, நுனி வளையுது!"

கனகராஜ் கையை எடுக்கவில்லை. மத்தியாஸ்தான் அவன் சட்டைக் காலரைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டார். அவன் குப்புறக் கிடந்து தண்ணீரைக் கக்கினான். ஜெயபாலன் கட்டைப் பிரித்து ஒவ்வொரு நுனியையும் வெளிச்சத்தில் பார்த்தார்.

"ஒன்னுகூட ஒடையலயே! பாத்தியா மத்தியாஸ், நான் கட்டுன கட்டு. அடுத்த கூட்டத்துல இதப் பேசணும்."

"ஆளும் பொழச்சிட்டான் டத்தோ."

"அதையும் சேத்துக்கலாம்லா."

கரையில் தூண்டில்களைத் துடைத்து, காய்ந்த துவாலை சுற்றி, பின்னிருக்கையில் கிடத்திப் பெல்ட் மாட்டியவன் கனகராஜ்தான். பிறகு, சொட்டச் சொட்ட முன்கதவில் கை வைத்தான்.

"டேய், தோல் சீட்டுடா! பின்னால தொட்டியில ஏறிக்க. காத்துல காஞ்சிரும்."

திரும்பும் வழியில் கம்பார் ஊரைத் தாண்டும்போது மழை பிடித்துக்கொண்டது. கனகராஜ் திறந்த தொட்டியில் ஐஸ் பெட்டியை அணைத்தபடி, கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தான். வளைவு வரும்போதெல்லாம் ஜெயபாலன் ஒரு கையைப் பின்னால் நீட்டி, தூண்டில்கள் சரியாமல் பிடித்துக்கொண்டார்.