தெரியாத மாதிரி கேட்டவள்

டமார்!

காபிக் கோப்பைகள் தட்டுகளில் கிடுகிடுத்தன. அம்மாவுக்கு வந்த இரங்கல் அட்டைகளை உரக்க வாசித்துக்கொண்டிருந்த ஹில்க்கா பாதியில் நிறுத்தினாள். மரியாதைக்கு எழுந்து நின்ற உறவினர்கள் ஜன்னலைப் பார்த்தார்கள். முற்றத்துப் பனியில் ஒரு லாரி பெரிய இரும்புக் குப்பைத் தொட்டியை இறக்கியிருந்தது.

அவள் வெளியே ஓடினாள். "இப்பதான் எங்கம்மாவ அடக்கம் பண்ணிட்டு வந்திருக்கோம். யாரு இதக் கேட்டது?"

டிரைவர் தொப்பியைக் கழற்றினான். "ரைலின்னு ஒரு அம்மா. போன மாசம் ஆஸ்பத்திரியிலேர்ந்து போன் பண்ணாங்க."

அம்மாவேதான்.

பின்னால் வந்து நின்ற அப்பா உர்ஹோவின் காதிலும் அது விழுந்தது. அம்மா போனதிலிருந்து அவர் வாயே திறக்கவில்லை. பழைய சாமான்களை அடைத்து வைத்திருந்த தன் கொட்டகைக்கு நடந்தார்.

வேண்டாத சாமான்களை வீட்டைவிட்டு அகற்றுவது பற்றிய ஆங்கிலப் புத்தகம் ஒன்றை அம்மா ஃபின்னிஷில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தாள். அலமாரி நிறைய அகராதிகள். ஆனாலும் தினமும் சாப்பாட்டு மேஜையில் அப்பாவிடம்தான் கேட்பாள்.

"உர்ஹோ, தூக்கி எறியறதுக்கும் தலைமுழுகறதுக்கும் நடுவுல ஒரு வார்த்தை சொல்லேன்."

"ஒழிச்சுக் கட்டறது."

"அது கொலைகாரன் பேச்சு. வேற?"

அப்பா முணுமுணுத்தபடி இன்னொன்று சொல்வார். அது சண்டையில் முடியும். எல்லாம் தன் கொட்டகையைக் குத்திக் காட்டத்தான் என்பது அவர் நினைப்பு.

இந்தத் தொட்டியும் அதற்குத்தான் என்று எண்ணினாரோ என்னவோ, பழைய படகு இன்ஜினைத் தூக்கிக்கொண்டு அவர் கொட்டகையிலிருந்து வெளியே வந்தார்.

"அப்பா, வெச்சிடுங்க! அத எறிஞ்சா உங்களுக்கு மனசு தாங்காது."

அவர் இன்ஜினைத் தொட்டியின் விளிம்பில் ஏற்றினார். டிரைவர் பாய்ந்து பிடித்தான்.

"ஐயா, இது இல்ல! மாடி ரூம்ல இருக்கற அவங்க காகிதம், அகராதி மட்டும்தானாம். கொட்டகைல கை வைக்கக் கூடாதுன்னு ரெண்டு தரம் சொன்னாங்க."

உர்ஹோ பிடியை விட்டார். டிரைவர் இன்ஜினை மெல்லப் பனியில் வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தான்.

"இந்தக் கயிறு எதுக்குங்க ஐயா?"

"அதுகூடத் தெரியாதா? அத இழுத்தாத்தான் ஓடும்," என்றார் அப்பா. பிறகு, இன்ஜின் எந்த ஏரியில் நின்றுபோனது, ரைலி எப்படித் திட்டிக்கொண்டே துடுப்புப் போட்டாள் என்று நீட்டிக்கொண்டே போனார். கடைசியில் திருப்புளி எடுத்துவரக் கொட்டகைக்குள் நுழைந்தார்.

ஹில்க்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இன்ஜினப் பத்தி உங்களுக்கு ஒண்ணும் தெரியாதா?"

டிரைவர் குரலைத் தாழ்த்தினான்.

"எங்கிட்டயே ரெண்டு படகு இருக்கு. தெரிஞ்சாலும் தெரியாத மாதிரி கேளுங்க, கேட்டாத்தான் அந்த மனுஷன் பேசுவாருன்னு அந்தம்மாதான் சொன்னாங்க."