பிளக்குக்குப் போகும் கை

பெயர்ப்பலகை செதுக்குகிறவருக்குக் கடையில் ஒரே சட்டம்தான். இயந்திரம் வழக்கத்துக்கு மாறாகச் சத்தம் போட்டால் முதலில் பிளக்கைப் பிடுங்கு, அப்புறம் யோசி. செதுக்கும் முனை உடைந்தால் பித்தளைத் தகடும் போச்சு, அன்றைய நாளும் போச்சு. முப்பது வருடமாகப் பழகிய அந்தக் கைதான் அன்று காலை பதினோரு மணிக்குக் குடியைக் கெடுத்தது.

செதுக்கும் மென்பொருள் கடையின் ஒரே கம்ப்யூட்டரில் இருந்தது. பழைய விண்டோஸில் மட்டுமே ஓடும். அதைச் செய்த கம்பெனியே மூடியாகிவிட்டது. மறுபடி போடக் குறுந்தகடும் கிடையாது. அது போனால் கடைக்குப் பூட்டுதான். மருமகளுக்கோ அன்று மாலை நான்கு மணிக்கு வேலைக்கான தேர்வு, அதுவும் விண்டோஸில் இல்லை, லினக்ஸ் என்ற வேறொரு இயங்குதளத்தில்தான் எழுத வேண்டும். அவளுடைய லேப்டாப் போன வாரம்தான் கண்ணை மூடியிருந்தது. ஒரே கம்ப்யூட்டரில் இரண்டையும் குடிவைக்கலாம், திறக்கும்போது எது வேண்டும் என்று அதுவே கேட்கும் என்று அவள் சொன்னபோது, மாமனார் அரை மனதாகத் தலையாட்டினார்.

அதற்கு முன்னால் இரண்டு நாள், அவள் ஒரு சின்னப் பெட்டியை மாட்டி உள்ளே இருந்ததையெல்லாம் நகல் எடுத்தாள். இன்னுமா பிரசவம் ஆகவில்லை என்று அவர் போகும்போதும் வரும்போதும் கிண்டல் செய்தார்.

அன்று லினக்ஸுக்கு இடம் ஒதுக்க, விண்டோஸ் இருந்த பகுதியைச் சுருக்கும் வேலை ஓடிக்கொண்டிருந்தது. எதையும் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் அவள் குழந்தைக்குச் சோறூட்ட உள்ளே போனாள். கம்ப்யூட்டரின் விசிறி திடீரென்று வீறிட்டது. கை போனது, பிளக் வந்தது.

மறுபடி மாட்டினால் கறுப்புத் திரையில் வெள்ளையாக ஒரே ஒரு வரி. துவக்குவதற்கு எதுவும் இல்லையாம். கரண்ட் போய்விட்டது என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி யோசித்தார். தலைக்கு மேலே மின்விசிறி ஜம்மென்று சுற்றிக்கொண்டிருந்தது.

அவள் வந்ததும், "நான்தாம்மா பிடுங்கிட்டேன்" என்றார்.

அவள் திரையைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள்.

"சத்தம் போட்டுச்சா மாமா?"

"ஆமா."

"சரி, முதல்ல உங்களோடத கொண்டுவந்துடுவோம்."

லினக்ஸை மட்டும் போட்டால் எவ்வளவு நேரம் ஆகும் என்று அவர் கேட்டார். இருபது நிமிஷம் என்றாள். அப்படியானால் அதை முதலில் போடு என்று எவ்வளவோ மன்றாடியும் அவள் கேட்கவில்லை. தேர்வு முடியும்வரை அவரை இப்படி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார வைக்க மாட்டாளாம்.

சின்னப் பெட்டியிலிருந்து எல்லாம் திரும்பி வர இரண்டரை மணி ஆனது. தான் செதுக்கிய பலகைகளின் பட்டியல் திரையில் வந்தபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பெற்ற பிள்ளைகூட இவ்வளவு பொறுமையாக இருந்திருக்க மாட்டான் என்று நினைத்தார்.

அவள் எழுந்தாள். "இனிமே இதைத் தொட வேணாம் மாமா. தேர்வு அடுத்த வருஷமும் வரும்."

"உக்காரும்மா. மறுபடியும் இடம் ஒதுக்கு."

இந்த முறை அவர் ஸ்டூலில் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்தார். விசிறி வீறிட்டது. தோள் துள்ளியது, கை எழும்பவில்லை. மூன்று நாற்பதுக்குத் திரையில் இரண்டு வரிப் பட்டியல் வந்தது. முதல் வரியில் விண்டோஸ், இரண்டாவதில் லினக்ஸ். பத்து நொடி சும்மா விட்டால் முதல் வரி தானாகவே திறக்குமாம். காலையில் அவர் திறக்கும்போது பயந்துவிடக் கூடாது என்றுதான் அவருடையதை மேலே வைத்தாளாம்.

"உன்னோடத மேல வை. கீழ் அம்புக்குறிய அமுக்க எனக்கு விரல் இருக்கு" என்றார்.

தேர்வு முடிந்தபின் அவள் அப்படியே மாற்றி வைத்தாள்.

மறுநாள் காலை குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் கடைக்குள் எட்டிப் பார்த்தாள். பிளக்குக்கு மேலே சுவரில் புதுப் பித்தளைப் பலகை ஒன்று திருகி மாட்டப்பட்டிருந்தது. நல்ல தகடு, வாடிக்கையாளர்களுக்கே அவர் எளிதில் எடுத்துக் கொடுக்காதது.

'மருமகளைக் கேட்காமல் பிடுங்கக் கூடாது' என்று அதில் செதுக்கியிருந்தது. கீழே, அவர் வாயிலிருந்து அந்த வீட்டில் யாரும் கேட்டிராத ஒரு சொல், பொடி எழுத்தில்: 'நன்றி.'