கையேட்டில் நான்காவது இடம்

எங்கள் ஊரில் நடக்கும் டாக்டர்கள் மாநாட்டுக்கு வருகிறவர்களுக்கு ஊர் சுற்றிப்பார்க்கக் கையேடு தயாரிப்பது என் வேலை. வருஷாவருஷம் பழையதில் தேதியை மட்டும் மாற்றி அச்சுக்கு அனுப்பிவிடுவேன். எவன் படிக்கப்போகிறான் என்ற திமிர்தான்.

இந்த வருஷ மாநாட்டின் இரண்டாம் நாள் ஒரு டாக்டர் வியர்க்க விறுவிறுக்க என் மேசைக்கு வந்தார்.

"கையேட்டுல நாலாவதா, மியூசியத்துக்குப் பின்னாடி புத்தகக் கடை, கடைக்காரரே கூட வந்து பழைய தெருவெல்லாம் காட்டுவாருன்னு போட்டிருக்கீங்க. கடை பூட்டிக் கிடக்கு. அவர் செத்து நாலு மாசமாச்சாம். இதுகூடத் தெரியாதா?"

"தெரியும் சார். எங்கப்பாதான்."

அவர் முகம் சுருங்கிவிட்டது. "அப்போ நீங்களாவது கூட வந்து காட்டுறீங்களாம்மா?" என்றார் மெதுவாக.

எனக்கு வழி தெரியாது. வருஷத்துக்கு ஐம்பது பேரையாவது அப்பாவோடு நடக்க அனுப்பியிருக்கிறேன்; நான் ஒருநாளும் போனதில்லை.