அளவுகோல் பாட்டு

வானொலி நிலையத்தில் புதுப் பாடல்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவுக்கு ஒரு முதியவர் தலைவர். குழு கூடியதும் முதலில் ஒரு பழைய இசைத்தட்டைச் சுழலவிடுவார்கள், அதுவே அளவுகோல். தலைவர் கண்மூடித் தொடையில் தாளமிட்டு உருகுவார். பிறகு புதுப் பாடல் ஒலிக்கும். "இரைச்சல்" என்பார். உறுப்பினர்களும் அதையே எழுதுவார்கள். சிலர் அந்த ஒற்றைச் சொல்லையும் அவருடைய தாளைப் பார்த்துத்தான் எழுதுவார்கள்.

அவருடைய மருமகன் இசையமைப்பாளர். அனுப்பிய பாடல்கள் யாவும் தள்ளுபடியாயின. உறவு பார்ப்பதில்லை என்பது மாமனாரின் பெருமை. மறுநாள் வரவிருப்பதே கடைசிப் பாடல். அதுவும் திரும்பினால், நிலைய விதிப்படி மருமகன் இனி விண்ணப்பிக்க இயலாது. ஆகவே மகள் தந்தையைச் செவிப் பரிசோதனைக்கு ஏறத்தாழ இழுத்தே வந்தாள்.

"கேட்டுட்டுத் திட்டுங்கப்பா. கேக்காமலே திட்டாதீங்க."

"என் காதுக்கு என்னடி கேடு?"

கண்ணாடி அறைக்குள் ஹெட்போன் மாட்டினார்கள். 'பீப்' ஒலிகளைச் சங்கீதமல்ல என்று அவர் ஒதுக்கிவிடவே, பரிசோதகப் பெண் அவர் விரும்பிய அதே பழைய பாடலை ஒலிக்கவிட்டாள். தாளமிட்டார், உருகினார், முடிவில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"கடைசிச் சரணத்துல குரல் எப்படி இழையுது, கவனிச்சியாம்மா?"

"இல்லைங்க சார். நான் பல்லவியோடயே நிறுத்திட்டேன்."

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். பரிசோதகப் பெண் பணிவாகவே விளக்கினாள்: "தெரிஞ்ச பாட்டுன்னா, விட்டுப்போனதை மனசே பாடி நிரப்பிடும், சார். தெரியாத பாட்டுக்கு அது எங்க போகும்? வெறும் சத்தமாத்தான் கேக்கும்."

மறுநாள், மகள் வாங்கித் தந்த செவித்துணைக் கருவியைக் காதில் மாட்டிக்கொண்டு தலைவர் இருக்கையில் அமர்ந்தார். அளவுகோல் ஒலித்தது. பாடகரின் குரல் உச்சியில் சுருதியை எட்டாமல் பிளிறியது. தாளக்காரர் வழிதவறிப் பின்னால் ஓடிவந்தார்.

"தட்டை மாத்திட்டீங்களா?"

"அதே தட்டுதான் ஐயா," என்றார் செயலர்.

அடுத்து மருமகனின் பாடல். குழலின் ஒவ்வொரு வளைவும் தெளிவாகக் காதில் விழுந்தது. தலைவரின் விரல்கள் அவரைக் கேளாமலே மேசையில் தாளமிட்டன. உறுப்பினர்கள் பேனாவைத் திறந்துவைத்துக்கொண்டு அவர் வாயையே பார்த்திருந்தார்கள்.

ஒரு பக்கம் மருமகனின் பிழைப்பு. மறுபக்கம் ஆயுள் முழுவதும் உருகிய உருக்கம். தலைவர் கருவியைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டார்.

"பழசை இன்னொரு தரம் போடுங்க."

பாடகருக்குக் குரல் திரும்பியது. தாளக்காரரும் வழிக்கு வந்தார்.

"புதுசுக்கு என்ன எழுதட்டும் ஐயா?"

"இரைச்சல்."

பேனாக்கள் எல்லாம் ஒருசேர நகர்ந்தன.

மாலையில் மகள் வாசலிலேயே நின்றிருந்தாள். "மிஷினைப் போட்டுக்கிட்டுத்தானே கேட்டீங்க?"

"போட்டுக்கிட்டுத்தான் கேட்டேன். அது ஓட்டை மிஷின்மா. எவ்வளவு பெரிய பாடகர், அவரையே அபஸ்வரமாக் காட்டுது. திருப்பிக் குடுத்துடு."

"அவர் பாட்டு?"

"மாப்பிள்ளை பாட்டா? அது ரொம்ப இனிமையா இருந்தது," என்றார் தலைவர். "அதுலயே தெரியலையா, மிஷின் எவ்வளவு மோசம்னு?"