பின்வரிசைக்கு வந்த கடல்

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கடைகள் திறக்கிற நேரத்துக்கு, கடற்கரையோர வணிக வளாகத்தின் பின்பக்கம் கடல் வந்து நின்றது. வண்டி நிறுத்துகிற இடத்துக்குத்தான் வந்தது. அதுவும் முழு இடத்துக்கும் அல்ல. பின்வரிசையில் இருந்த மூக்குக்கண்ணாடிக் கடையின் வாசல் எவ்வளவு அகலமோ அவ்வளவு அகலத்துக்கு மட்டும், அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி வந்தது. காவலுக்கு நின்றவர் குழாய்தான் உடைந்துவிட்டது என்று நினைத்து, ஓடிப்போய்த் தொட்டியின் வால்வை மூடினார். திரும்பி வந்து பார்த்தால் தண்ணீரில் அலை அடித்துக்கொண்டிருந்தது. குழாய்த் தண்ணீரில் அலை அடிக்காது என்கிற அளவுக்கு விவரம் தெரிந்தவர் என்பதால், வால்வை மறுபடி திறந்துவிட்டு, அங்கே வண்டியை விட்டுப் போனவர்களைத் தேடிப் புறப்பட்டார்.

இதற்கெல்லாம் காரணம் சதுரடி அக்கா என்று சொல்கிறவர்கள் இன்றைக்கும் உண்டு. கடைகளை வாடகைக்கு விடுகிற பொறுப்பு அவருடையது. கட்டடம் எழும்புவதற்கு முன்பே, தகரக் கொட்டகையில் ஒரு மேஜையைப் போட்டுக்கொண்டு, இல்லாத கடைகளை இருப்பது போலக் காட்டி வாடகைக்குப் பேசி முடித்தவர். பேச்சில் சதுரடி வராமல் அவருக்கு ஒரு வாக்கியம் முடியாது. யார் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய் வந்தாலும் சாப்பாடு எப்படி, பெண் எப்படி என்று சொல்ல மாட்டார். மண்டபம் எத்தனை சதுரடி, தூண்கள் எவ்வளவு இடத்தை விழுங்கிவிட்டன என்று சொல்லி அங்கலாய்ப்பார். தனி ஆள். ஊருக்கெல்லாம் இடம் பார்த்துக் கொடுத்தவர், ஒரு மாடி அறையில், கட்டிலைப் போட்டால் கதவு முழுதாகத் திறக்காத இடத்தில் காலம் தள்ளிக்கொண்டிருந்தார்.

அவருக்கு ஒரு பழக்கம். எதிரே உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு நேராகத் தெரிகிற மாதிரி வரைபடத்தைத் திருப்பி வைத்துவிட்டு, தான் தலைகீழாகப் படிப்பார். காகிதம் தன்னைப் பார்த்திருந்தால் வருகிறவருக்குக் கடை அப்போதே சொந்தமான மாதிரி இருக்கும் என்பது அந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த சூட்சுமம். இப்படிப் படித்துப் படித்து, வரைபடத்தை நேராக வைத்தால்தான் அக்காவுக்குத் தலை சுற்றும். கண்ணாடிக்காரரும் அவர் மனைவியும் வந்த அன்று வண்ணப் பிரதிகள் எல்லாம் பெரிய துணிக்கடைக்காரர்களுக்குப் போய்விட்டன. மிச்சம் இருந்தது ஒரு நகல். அதில் கடலும் சாம்பல் நிறம், வண்டி நிறுத்துமிடமும் சாம்பல் நிறம். கடலைப் பார்த்த முன்வரிசையும் வண்டிகளைப் பார்த்த பின்வரிசையும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன.

கண்ணாடிக்காரரின் மனைவிக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. ஊரில் பாதிப் பேருக்குக் கண்ணாடி போட்டுவிட்ட மனிதர், சொந்த மனைவிக்கு எந்தக் கண்ணாடியும் உதவாது என்று மருத்துவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு வந்திருந்தார். அது அவரைத் தின்றுகொண்டிருந்தது. வெளிச்சம், நிழல், பெரிய உருவங்கள், இவ்வளவுதான் அந்த அம்மாவுக்கு மிச்சம். அதுவும் இன்னும் கொஞ்ச காலத்துக்கு. இருக்கிறவரைக்கும் தினமும் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும் என்று ஆசைப்பட்டார். அதற்காகவே பழைய கடையைக் காலி செய்துவிட்டு இங்கே வந்திருந்தார்கள். அக்கா வரைபடத்தை விரித்ததும், கண்ணாடிக்காரர் அதை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் மனைவியின் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து, இது இன்னது என்று விரலைப் பிடித்துக் காட்டிவிட்டுத் திரும்ப மேஜையில் வைத்தார். வைக்கும்போது தலைமாடு கால்மாடு மாறிப்போனது. அக்கா கவனிக்கவில்லை. வழக்கம் போலத் தலைகீழாகப் படித்து, பேனாவை ஊன்றி, அருமையான இடம், தூண் தொல்லை இல்லாத இடம் என்று வட்டம் போட்டார். கடல் தெரிய வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடச் சொன்னார் அந்த அம்மா. எழுதினார்கள்: கடை கடலைப் பார்த்து இருக்கும்.

கட்டடம் எழும்பி, கதவுகளுக்கு எண் ஒட்டுகிற அன்றுதான் அக்கா தன் தவறைக் கண்டார். கண்ணாடிக் கடை பின்வரிசையில் இருந்தது. எதிரே கார்கள், அதற்கு அப்பால் ஒரு மதில், மதிலை ஒட்டி ஒரு குப்பைத் தொட்டி. அக்கா முன்வரிசைக்காரர்களிடம் ஒவ்வொருவராகப் போய் இடம் மாற்றிக்கொள்ளக் கெஞ்சினார். அவர் யாரிடமும் கெஞ்சி அதுவரை யாரும் பார்த்ததில்லை. காப்பிக் கடைக்காரர் சிரித்தார், துணிக்கடைக்காரர் வக்கீலைப் பார்க்கச் சொன்னார். வளாகத்தின் மேலாளர், அவர்கள் கேட்டால் பார்த்துக்கொள்ளலாம், இப்போது எதற்கு ஊதிப் பெரிதாக்குகிறீர்கள் என்று சொல்லிவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போனார்.

சாவி கொடுக்கிற நாளும் வந்தது. உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் அக்கா போனார். கண்ணாடிக்காரர் ஷட்டரைத் தூக்கினார். உச்சி வெயில். வரிசையாக நின்ற கார்களின் கூரையெல்லாம் தகதகவென்று மின்னியது. கணவரின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்த அந்த அம்மா முகத்தைத் தூக்கிப் பார்த்தார்.

“அதா கடல்?” என்றார். “என்னமா மின்னுது.”

கண்ணாடிக்காரர் அக்காவைப் பார்த்தார். அக்கா கண்ணாடிக்காரரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு முழு வழக்கே நடந்து முடிந்தது.

“ஆமாம்மா, கடல்தான்” என்றார் கண்ணாடிக்காரர்.

“இவ்ளோ கிட்டவா?” என்று அந்த அம்மா அக்காவின் பக்கம் திரும்பிக் கேட்டார். அக்காவின் வாயிலிருந்தும், தன்னை மீறி, ஆமாங்க என்றே வந்தது.

ஒரு பொய்யை நட்டுவிட்டால் தண்ணீர் ஊற்றாமல் இருக்க முடியுமா? அக்கா தினமும் மதியம் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு அந்தக் கடைக்கு வர ஆரம்பித்தார். மூன்று பேரும் வாசலில் நாற்காலி போட்டுச் சாப்பிடுவார்கள். வெள்ளை வேன் ஒன்று நகர்ந்தால், கப்பல் போகிறது என்பார் கண்ணாடிக்காரர். வண்டி பின்னால் வரும்போது கூவுகிற சத்தத்துக்கு, துறைமுகத்தில் ஏதோ சோதனை செய்கிறார்கள் என்று அக்கா விளக்கம் சொல்வார். அந்த அம்மா எல்லாவற்றையும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வார், தன் டப்பாவில் இருப்பதை அக்காவின் தட்டில் அள்ளி வைப்பார். அக்காவை அவர் தங்கச்சி என்றுதான் கூப்பிட்டார். பல வருடமாக யாரும் அக்காவை அப்படி உரிமையாகக் கூப்பிட்டதில்லை. அக்கா அந்த அம்மாவை உயிராக நேசித்தார், அதனாலேயே ஒவ்வொரு வாயும் தொண்டையில் நின்று இறங்கியது. இரண்டு மாதத்தில் அக்காவுக்கும் கண்ணாடிக்காரருக்கும் கன்னம் ஒட்டிப்போயிற்று.

அப்புறம் ஒரு நாள், கையைக் கழுவிக்கொண்டே, இவ்வளவு கிட்டத்தில் இருந்துகொண்டு ஒரு தடவை கூடக் காலை நனைக்கவில்லையே என்றார் அந்த அம்மா. சுற்றிக்கொண்டு எங்கேயும் போக வேண்டாம், நேரே இறங்கினால் தண்ணீர்தானே, செவ்வாய்க்கிழமை கடை திறந்ததும் கூட்டிப்போங்கள் என்று கணவரிடம் நாளையும் குறித்துக் கொடுத்துவிட்டார்.

கண்ணாடிக்காரரும் அக்காவும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று பேசினார்கள். ஒரு வாளித் தண்ணீரில் உப்பைக் கரைத்து, வாசலில் இரண்டு கூடை மணலைக் கொட்டினால் என்ன என்று கேட்டார் அக்கா. கேட்கும்போதே அவருக்கு வெட்கமாக இருந்தது.

“வேணாங்க” என்றார் கண்ணாடிக்காரர். “கண்ணு தெரியலன்னு கண்ண ஏமாத்தினேன். காலையும் ஏமாத்தச் சொல்றீங்களா? என்னால ஆகாது.”

தப்பு என்னுடையது, நானே சொல்கிறேன் என்றார் அக்கா. அந்த அம்மா இனித் தன் முகத்தில் விழிக்கவே மாட்டார் என்று நிச்சயமாக நம்பினார். செவ்வாய்க்கிழமை காலை, சொல்ல வேண்டியதை வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே பின்வாசல் வழியாக வந்தபோது, அவருடைய செருப்பு நனைந்தது.

கடல் வந்திருந்தது. வாசற்படியின் கீழே தொடங்கி, கார்களுக்கு நடுவே போய், மதில் இருந்த இடத்தைத் தாண்டி, வானம் வரைக்கும் போயிருந்தது. பக்கத்துக் கடையிலிருந்து எட்டிப் பார்த்தால் மதிலும் குப்பைத் தொட்டியும் அப்படியே இருந்தன. கண்ணாடிக் கடை வாசலில் நின்றால் மட்டும் அலையும், தூரத்தில் நிஜமான ஒரு கப்பலும் தெரிந்தன. கண்ணாடிக்காரர் மனைவியின் கையைப் பிடித்து இறக்கினார். அந்த அம்மா காலை வைத்தார். ஐயோ என்று ஒரு சின்னச் சத்தம் போட்டார். தண்ணீரின் குளிர்ச்சி என்று மற்ற இருவரும் நினைத்தார்கள். கண்ணாடிக்காரர் படியில் உட்கார்ந்து, வேட்டியெல்லாம் நனைய, கடை திறக்க வந்தவர்கள் பார்க்கிறார்களே என்கிற நினைப்பே இல்லாமல் வாய்விட்டு அழுதார். அக்கா முணுமுணுத்து வைத்திருந்ததை அப்படியே விழுங்கிவிட்டார்.

அந்த வாரமே முன்வரிசையில் புகார் கிளம்பியது. துணிக்கடைக்கு எதிரே இருந்த கடலில் அதே அகலத்துக்கு ஒரு துண்டு காணாமல் போய், அந்த இடத்தில் தார் போட்ட தரையும் வெள்ளைக் கோடுகளும் வந்திருந்தன. துணிக்கடைக்காரர் இந்தத் தடவை வக்கீலையே கூப்பிட்டார். வக்கீல் வந்து, வேறு இடம் கிடைக்காததால் தன் காரை அந்தத் துண்டிலேயே நிறுத்திவிட்டு, ஒப்பந்தங்களை எல்லாம் படித்தார். கண்ணாடிக் கடைக்குக் கடல் உண்டு என்று எழுதியிருக்கிறது, கடல் இருக்கிறது, இதில் வழக்குப் போட என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். மேலாளர் பின்வரிசைக்கெல்லாம் வாடகையை ஏற்றப் பார்த்தார்; தங்கள் வாசலில் குப்பைத் தொட்டிதான் தெரிகிறது என்று மற்றவர்கள் சண்டைக்கு வந்ததால் விட்டுவிட்டார். வண்டிகளில் படிகிற உப்புக்கு நிர்வாகம் பொறுப்பல்ல என்று ஒரு பலகை மட்டும் வைத்தார். ஷட்டர் ஏறினால் கடல் வரும், இறங்கினால் போகும். கடைக்கு விடுமுறை என்றால் கடலுக்கும் விடுமுறை. கண்ணாடிக்காரர் எழுத்து அட்டையைக் கழற்றிவிட்டு, வருகிறவர்களைக் கப்பலைப் பார்க்கச் சொல்லிக் கண்ணைச் சோதிக்க ஆரம்பித்தார். வியாபாரம் நன்றாகவே நடந்தது.

இரண்டாம் வருடத்தில் ஏதோ ஒரு நாளில் அந்த அம்மாவுக்குக் கண் முழுதாகப் போய்விட்டது. எந்த நாள் என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை. மதியச் சாப்பாடு நிற்கவில்லை. இப்போது கப்பல்களைப் பற்றி அக்கா சொன்னதெல்லாம் உண்மை என்பதால் சாப்பாடு ஒழுங்காக இறங்கியது, அக்கா கொஞ்சம் சதை போட்டார். ஒப்பந்தம் முடிகிற காலம் வந்ததும் மேலாளர் அக்காவைக் கூப்பிட்டு, அந்த அம்மாவுக்குத்தான் இப்போது ஒன்றும் தெரியாதே, அந்த வரியை எடுத்துவிட்டுப் புதுப்பியுங்கள், கடல் தன் பாட்டுக்கு முன்வரிசைக்கே போய்ச் சேரட்டும் என்றார். அந்த வரி போனால் நானும் போகிறேன் என்றார் அக்கா. ஒரே ஆளாக முக்கால்வாசிக் கடைகளைப் பிடித்துக் கொடுத்தவர் என்பதால் மேலாளர் வாயை மூடிக்கொண்டார்.

கையெழுத்துப் போடுகிற அன்று, வரியைப் படித்துக் காட்டிவிட்டு, இத்தனை வருடம் நெஞ்சில் கிடந்ததையும் அக்கா கொட்டிவிட்டார். வரைபடம் திரும்பியது, வட்டம் போட்டது, கார்களைக் கடல் என்று சொன்னது, எல்லாவற்றையும் சொன்னார். கண்ணாடிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீரில் காலைத் தொங்கப்போட்டிருந்த அந்த அம்மா பொறுமையாகக் கேட்டு முடித்தார்.

“தெரியும் தங்கச்சி” என்றார். “பெட்ரோல் நாத்தம் அடிக்கிற கடல் எங்க இருக்கு? மொத நாளே தெரியும்.”

“அப்ப ஏங்க காலை நனைக்கணும்னு கேட்டீங்க?”

“நீங்க ரெண்டு பேரும் எனக்காகப் பொய் சொல்லிச் சொல்லி இளைச்சிக்கிட்டே போனீங்க. இப்படிக் கேட்டா வழியில்லாம உண்மையச் சொல்லிடுவீங்க, மூணு பேரும் சிரிச்சிட்டு நிம்மதியாச் சாப்பிடலாம்னு நெனச்சேன். கால வச்சா தண்ணி. எனக்கு உயிரே போயிடுச்சு.”

அக்காவுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்.

“சொன்னா அது போயிடுமோன்னு பயமா இருந்துச்சு” என்றார் அந்த அம்மா. “கண்ணு போனதுக்குக் கூட நான் அவ்ளோ பயப்படல.”

இப்போது சொல்லியாகிவிட்டது. அக்கா தண்ணீரைப் பார்த்தார். கண்ணாடிக்காரரும் பார்த்தார். அலை வாசற்படியை விட்டுப் பின்வாங்கியது. முதல் வரிசைக் கார்களைத் தாண்டிப் போனது. இரண்டாவது வரிசையையும் தாண்டிப் போய், ஈரத் தாரின் மேல் வெள்ளைக் கோடுகளை அப்படியே விட்டுவிட்டு, அங்கே நின்றது. அந்த அம்மாவின் கால் காற்றில் தொங்கியது. பாதத்திலிருந்து சொட்டுகிற சத்தம் கேட்டது. கண்ணாடிக்காரர் நகர்ந்து வந்து மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார், அக்கா மறுகையைப் பிடித்துக்கொண்டார். போனால் போகட்டும், நாங்கள் இருக்கிறோம் என்று சொல்லத்தான் வாயெடுத்தார் அக்கா. அதற்குள் அது திரும்பி வந்தது. கார்களுக்கு இடையே அவசரமில்லாமல் வந்து, படியைத் தொட்டு, அந்த அம்மாவின் பாதத்தை நனைத்து, கணுக்காலை நனைத்து, அதுவரை வராத இடத்துக்கு, நிலைவாசலைத் தாண்டிக் கடைக்குள்ளேயே வந்தது.

அன்றிலிருந்து உள்ளேதான் இருக்கிறது, முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே. கண்ணாடிச் சட்டங்கள் வைத்த அலமாரியைச் சுவரில் உயர்த்தி மாட்டிவிட்டார்கள். கண்ணாடி வாங்க வருகிறவர்கள் செருப்பை வாசலில் விட்டுவிட்டு, உடுத்தியதைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே போகிறார்கள்.