நாத்தனாரின் சேர்மம்

தேநீரில் உள்ள துவர்ப்புப் பொருளைக் குடலில் வாழும் நுண்ணுயிரிகள் உடைத்துப் புதுப்புதுச் சேர்மங்களாக்கும். அவற்றைக் கண்டுபிடிப்பதுதான் அந்த வீட்டு மருமகளின் வேலை. அதே வேலையை வேறொரு ஆய்வகத்தில் செய்தாள் நாத்தனார், கணவனின் தங்கை.

நாத்தனார் கண்டுபிடித்த ஒரு சேர்மத்துக்குப் பரிசு கிடைத்தது. அவள் பரிசு வாங்கும் படத்தை மாமியார் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார்.

"நீயும் இதேதானே பண்றே?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். மருமகளுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. நாத்தனாரின் கட்டுரையை அவள் திறந்துகூடப் பார்க்கவில்லை.

இந்தச் சேர்மங்களுக்கு ஆளுக்கொரு பெயர் வைத்துக் குழப்பியிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே முறையில் பெயரிட ஒரு குழு அமைந்தது. மருமகளும் அதில் இருந்தாள். வேலையைப் பிரித்தபோது நாத்தனாரின் சேர்மம் அவள் பங்கில் விழுந்தது. வேறு வழியில்லாமல் கட்டுரையைத் திறந்தாள். ஏதாவது தப்பு அகப்படாதா என்று வரிவரியாகப் படித்தாள். அகப்படவில்லை.

புது விதிப்படி மூலக்கூறை வரைந்து, வளையத்திலுள்ள கரிம அணுக்களை எண்ணிப் பெயரை எழுதினாள். காலையில் எழுதிய தாளை எடுத்துப் பார்த்தாள். காலையில் தன் சேர்மம் ஒன்றுக்கும் இதே பெயரைத்தான் எழுதியிருந்தாள். பழைய கட்டுரைகளில் வளையத்தை இவள் ஒரு பக்கமாக எண்ணியிருந்தாள், நாத்தனார் மறுபக்கமாக. இவள் மூன்றாம், நான்காம் இடம் என்றதை அவள் நான்காம், ஐந்தாம் இடம் என்றிருந்தாள். பொருள் ஒன்றுதான். இவளுடைய கட்டுரைதான் முதலில் வந்தது.

உடனே நாத்தனாருக்குப் போன் செய்தாள்.

"உன் சேர்மம் புதுசு இல்லை. நான் முன்னாடியே போட்டதுதான். எண்ணின பக்கம் மட்டும் வேற."

மறுமுனையில் தாள் புரளும் சத்தம் கேட்டது.

"ஆமா அண்ணி. நான்தான் கவனிக்காம விட்டுட்டேன். உங்க பேரையே முதல்ல போடுங்க. பரிசு கொடுத்தவங்களுக்கும் நான் எழுதிடறேன். அம்மாகிட்டயும் நானே சொல்லிடறேன்."

"உனக்கு வருத்தமா இல்லையா?"

"இல்லாம இருக்குமா? ஆனா வேற யாரோடதோ இல்லையே, உங்களோடதுதானே அண்ணி."

மருமகள் போனை வைத்தாள். தன் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்திருக்காது என்று அவளுக்குத் தெரியும். பரிசைப் பார்த்து எரிந்ததைவிட இப்போது அதிகமாக எரிந்தது.

குழுவுக்கு அறிக்கை எழுதினாள். கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் இரண்டு பெயர் எழுத இடம் இருந்தது. தன் பெயரை மட்டும் எழுதி அனுப்பினாள்.