கிரீஸ் தடவிய கம்பம்

என் வீட்டுக்காரர் மெக்கானிக். எந்தப் பிரச்சினை வந்தாலும் அவர் கையில் இருக்கும் மருந்து ஒன்றுதான்: கிரீஸ். கதவு முனகினால் கிரீஸ், தையல் மெஷின் முரண்டு பிடித்தால் கிரீஸ். எங்கள் சண்டைக்கு மட்டும்தான் இன்னும் தடவிப் பார்க்கவில்லை.

அப்போது எனக்கு ஐந்தாம் மாதம். அதற்கு முன் இரண்டு முறை வயிற்றில் தங்கவில்லை. இந்த முறை டாக்டரம்மா கர்ப்பப்பை வாயில் தையல் போட்டுவிட்டு, "பாத்ரூம் போறதுன்னாலும் ஒருத்தர் பிடிச்சுக்கணும். மத்த நேரத்துல கால் தரையில படக்கூடாது" என்று சொல்லி அனுப்பினார். வாயும் கையும் சும்மா இருக்காத எனக்கு அது ஜெயில்தான். வீட்டுக்காரரின் அக்கா, அதாவது என் அண்ணி, தன் வீட்டைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு என்னைக் காவல் காக்க வந்துவிட்டார். "எழுந்தேன்னு வை, கட்டிலோட சேர்த்துக் கட்டிருவேன்" என்பார். சும்மா மிரட்டல் இல்லை, கயிறும் எடுத்து வைத்திருந்தார்.

நான் சுவரைப் பார்த்தபடியே கிடப்பதைப் பொறுக்க முடியாமல்தான் இவர் பின்பக்கத் தோட்டத்தில் குருவிகளுக்குத் தீனி வைக்க ஆரம்பித்தார். முதலில் கடையில் ஒரு பிளாஸ்டிக் வீடு வாங்கி வந்தார். வாசல் அத்தனை சின்னது. எட்டிப் பார்த்த குருவி வேறு வாடகை வீடு தேடிப் போய்விட்டது. பிறகு தானே செய்தார். பழைய கார்ச் சக்கரத்தின் மூடியில் தண்ணீர் வடிய ஓட்டைகள் போட்டு, இரும்புக் குழாயின் உச்சியில் தட்டாகப் பொருத்தினார். அத்தோடு விட்டாரா? நடுவில் ஒரு பேரிங்கும் வைத்தார். குருவி உட்கார்ந்ததும் தட்டு ராட்டினம் சுற்றியது. அது அலறியடித்துக்கொண்டு பறந்தது.

"ஸ்மூத்தா இருக்கட்டுமேன்னு வச்சேன்" என்றார்.

"குருவிக்கு எதுக்குங்க ஸ்மூத்து? அது என்ன லாரியா?"

பேரிங் போனது. இடம் நான் சொன்னேன், படுத்த இடத்திலிருந்தே. வேலியோரம் வைத்தால் எனக்குத் தெரியவில்லை. கிட்டே கொண்டுவந்தால், ஜன்னல் கண்ணாடியில் தெரிந்த வானத்தை நம்பி ஒரு குருவி முட்டிக்கொண்டது. அதனால் கண்ணாடிக் கதவைத் திறந்தே வைப்பதென்று முடிவானது. ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே தட்டும் கம்பமும் அதன் அடித்தரையும் எனக்கு நன்றாகத் தெரிந்தன. முதல் குருவி வந்து கொறித்த அன்று நான் வாய்விட்டுச் சிரித்தேன். வலி என்று நினைத்து அண்ணி அடுப்படியிலிருந்து ஓடி வந்தார்.

அப்புறம் அணில் வந்தது. தட்டைக் காலி செய்துவிட்டுத்தான் இறங்கியது. இவருக்கு அது மானப்பிரச்சினை ஆகிவிட்டது. கம்பம் முழுக்கக் கிரீஸைப் பூசினார். "இப்ப ஏறுடா பாப்போம்!" அணில் பாதி ஏறி, சர்ரென்று வழுக்கிக் கீழே வந்தது. நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். அந்தக் கிரீஸ் வேறு எங்கே போய் ஒட்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் காலை எனக்கு லேசாக உதிரம் பட்டது. டாக்டரம்மா போனிலேயே மாத்திரை சொல்லி, இன்று துளியும் அசையக்கூடாது என்றார். "மருந்துக் கடைக்குப் போயிட்டு ஓடியாந்துர்றேன். மூச்சு மட்டும் விடு, வேற எதுவும் செய்யாத" என்று சொல்லிவிட்டு அண்ணி கிளம்பினார்.

அவர் போன கொஞ்ச நேரத்தில் ஒரு காகம் தட்டில் வந்து இறங்கியது. குருவிகள் சிதறின. ஒன்று மட்டும் பதறிப்போய்க் கம்பத்தைப் பற்றிக்கொண்டது. பற்றியதுதான் தாமதம், கிரீஸோடு உரசிக்கொண்டே தரை வரை வழுக்கிக்கொண்டு வந்தது. சிறகை விரிக்கப் பார்த்தது. இறகெல்லாம் ஒட்டிக் கொத்தாகிவிட்டது. தத்தித் தத்திக் கத்தியது.

மதில் மேல் பக்கத்து வீட்டுப் பூனை. வேளை தவறாமல் ரோந்து வருவதால் அதற்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர் வைத்திருந்தோம். குருவியைப் பார்த்ததும் அது உடம்பைத் தாழ்த்தியது.

"ஏய்! போ!" என்று கத்தினேன். அது என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். பட்டறைச் சத்தத்தில் எங்கே கேட்கப் போகிறது, அடித்து அடித்து ஓய்ந்தது. பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டேன். பதில் இல்லை. கைக்கு எட்டிய டம்ளரைக் கம்பி வழியாக வீசினேன். பூனை பின்வாங்கி மதிலடியில் உட்கார்ந்தது. சீப்பை வீசினேன், மாத்திரை டப்பாவை வீசினேன். ஒவ்வொரு முறையும் ஒதுங்கி நின்று, பிறகு முன்னைவிடக் கிட்டே வந்தது. வீச இனி தலையணைதான் இருந்தது. அது கம்பிக்குள் நுழையாது.

பின்கதவு பத்தடி தூரம்கூட இல்லை. போய் அள்ளிக்கொண்டு வந்துவிடலாம். போர்வையை விலக்கிவிட்டு ஒரு காலைத் தரையில் வைத்தேன். தரை சில்லென்று இருந்தது. அடிவயிறு கல்லாக இறுகியது.

அப்படியே இருந்தேன். குருவி கத்தியது. காலை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கிக் கட்டிலில் போட்டுக்கொண்டு மல்லாந்து படுத்தேன். தலையை மட்டும் ஜன்னல் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டேன். கண்ணை மூடிக்கொள்வது அந்தக் குருவிக்குச் செய்யும் இன்னொரு துரோகம் என்று பட்டது. அதனால் முழுவதையும் பார்த்தேன். ரொம்ப நேரம் ஆகவில்லை.

என் அழைப்புகளைப் பார்த்துவிட்டு வீட்டுக்காரர் அண்ணிக்கு முன்பே அரக்கப்பரக்க ஓடி வந்தார். பின்வாசல் வழியாக வந்தவர், டம்ளரும் சீப்பும் தோட்டத்தில் சிதறிக் கிடப்பதைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டார். முகம் வெளுத்துவிட்டது.

"எழுந்தியா?"

எனக்குக் கோபம் பொங்கியது. "முதல்ல அந்தக் கம்பத்தைப் பாருங்க."

பார்த்தார். கிரீஸில் சின்னச் சின்ன இறகுகள் ஒட்டியிருந்தன. விரலால் ஒன்றை எடுத்தார். அது கையைவிட்டு வரவில்லை.

"பூனையா?"

"பூனை அப்புறம். முதல்ல நீங்க. கடைசியா நான்."

அவர் ஜன்னல் அருகே வந்து கம்பியில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டார். அழுக்குக் கையை உள்ளே நீட்டப் போய், சட்டென்று பின்னால் மறைத்துக்கொண்டார். குரல் உடைந்துவிட்டது.

"நீ எழலல்ல? சொல்லு. எழலல்ல?"

"அது கத்திக்கிட்டே இருந்துச்சுங்க" என்றேன். "நான் எழல."

அதற்குப் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. வயிறு குலுங்கக் கூடாதே என்று, இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.